இரண்டாவது ஆள்

நவம்பர் 4, சனி

இந்தக் கொப்பி என்னோடு கராஜில் வேலை செய்த கேதீஸுடையது. எந்தக் கார் வந்தது, என்ன பிழை, எந்தத் திகதியில் கார் சரியாகியது என்று முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறான். மே மாதத்தோடு எழுத்து நின்றுவிட்டது. அவன் இப்போது கனடாவில் ஏதோ ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறான். ஹைபிரிட் கார் திருத்தத் தெரிந்த கை, பெட்டி அடுக்குகிறது. சரி, அது அவன் பாடு. இன்று முதல் நான் எழுதுகிறேன். என் எழுத்தை வாசிக்க என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை என்பதால் வடிவைப் பற்றிக் கவலையில்லை.

இந்த வாரம் வந்த இரண்டு கார்களைத் திருப்பி அனுப்பினேன். இரண்டும் பெரிய பற்றரி திறக்கிற வேலை. ஹைபிரிட் காரின் பின்சீற்றுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பற்றரி இருநூறு வோல்ற்றுக்கு மேல். ஆளை ஒரேயடியாக முடித்துவிடும். அதைத் திறக்கும்போது பக்கத்தில் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கவேண்டும். வேலை செய்கிறவனுக்கு அடித்தால் அந்த ஆள் கையால் தொடாமல் தடியால் இழுத்துவிட வேண்டும். கொழும்பில் நான் வேலை பழகிய இடத்தில் முதல் நாளே இதைத்தான் சொல்லித் தந்தார்கள். அங்கே அதற்கென்று கொக்கி வைத்த பைபர் தடி இருந்தது. இங்கே கோண்டாவிலில் எனக்கு மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடி. நல்ல காய்ந்த மரம், வேலைக்குப் போதும்.

ஆறு வருடமாக அந்த இரண்டாவது ஆள் கேதீஸ். திருப்பி அனுப்பியவர்களிடம் அவன் லீவில் நிற்கிறான் என்று சொன்னேன்.

மத்தியானம் பாணும் பருப்பும். இரவுக்கும் அதுதான்.

நவம்பர் 6, திங்கள்

காலை எட்டரைக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. கேற்றுக்குள் வரும்போதே டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்துகொண்டிருந்தது. பற்றரி அளவு காட்டும் கோடுகள் ஒருதரம் உச்சியில் நிற்கின்றன, சந்தி திரும்பினால் அடியில் கிடக்கின்றன. ஓட்டி வந்தவர் சவிரிமுத்து, இளவாலை ஆள், அறுபத்து நாலு வயது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “எட்டு இருபத்தெட்டுக்கு உள்ளை வந்தனான்” என்றார். நான் கேட்கவே இல்லை.

அவருடைய மனைவி றெஜினாவுக்கு சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. கிழமையில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, டவுன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். ஏழரைக்குப் படுக்கவைத்தால் பதினொன்றரைக்குத்தான் விடுவார்கள். அந்த நாலு மணித்தியாலமும் இவர் விறாந்தையில் இருப்பாராம். இன்று கார் வழியிலேயே இரண்டு தரம் நின்றுவிட்டதால் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். வேறொரு கராஜில் முழுப் பற்றரியையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம்.

எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும். ஸ்கானரில் ஒரு எண்ணைக் கண்டவுடன் முழுப் பற்றரியையும் தூக்கி எறியச் சொல்வதற்கு மெக்கானிக் எதற்கு? முதலில் பன்னிரண்டு வோல்ற் சின்னப் பற்றரியைப் பார்த்தேன். அது இளைத்தாலே கார் தனக்கு இல்லாத நோயெல்லாம் சொல்லும். அது 12.5, குறை இல்லை. பிறகு ஸ்கானரைக் கொழுவிப் பார்த்தேன். பெரிய பற்றரிக்குள் இருபத்தெட்டு சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கார் அவற்றைச் சோடி சோடியாக அளக்கும். ஏழாவது சோடி மட்டும் மற்றவற்றை விட ஒன்றரை வோல்ற் குறைவு. ஒரு சோடிக்காக முழுவதையும் சாகடிக்கத் தேவையில்லை. திறந்து பார்க்கவேண்டும்.

திறக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். காரை இங்கேயே விட்டுவிட்டு, புதன்கிழமை மனைவியை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டபின் தான் பஸ் பிடித்து வந்து, பதினொன்றேகால் வரை இருக்கலாம் என்றார். “அங்கை சுவரைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறனான்.”

சரி என்றேன். கதிரை ஒன்றைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8, புதன்

ஏழு ஐம்பத்தைந்துக்கு வந்தார். கொக்கத்தடியைக் கையில் கொடுத்து, நான் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். கையால் தொடக்கூடாது. இடுப்புப் பட்டியில் கொழுவி இழுக்கவேண்டும். பிறகுதான் ஆட்களைக் கூப்பிடவேண்டும். அவர் எழுந்து ஒருதரம் கொழுவிப் பழகிப் பார்த்தார். பட்டி அறுந்துவிடும் போல இழுத்தார். இவர் இருந்தால் எனக்குச் சாவு இல்லை.

இறப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று சுருட்டி ஊதிப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். டிக்கியில் இருக்கும், மின்னிணைப்பைத் துண்டிக்கும் செம்மஞ்சள் பிடியை இழுத்தேன். அதன் பிறகு பத்து நிமிடம் ஒன்றையும் தொடக்கூடாது, உள்ளே தங்கிய மின்சாரம் வடியவேண்டும். கேதீஸ் என்றால் அந்தப் பத்து நிமிடமும் போனைக் கிண்டுவான். இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பத்து” என்றார். ஒரு செக்கன் கூடக் குறைய இல்லை என்று நினைக்கிறேன்.

மூடியைக் கழற்றியதும் பிழை முகத்துக்கு நேரே இருந்தது. பெட்டிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு. ஏழாவது சோடியில் தகடே தெரியவில்லை. இளவாலையில் வீடு கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்று. பெட்டிகளில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. களிம்புதான் அளவைக் குழப்பியிருக்கிறது. சவிரிமுத்து அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுப் பற்றரியையும் மாற்றச் சொன்னவரை ஒருதரம் கூப்பிட்டுக் காட்டலாமோ என்று கேட்டார். சிரித்தோம். நான் இந்தக் கராஜுக்குள் சிரித்து எத்தனை நாளோ தெரியாது.

இடையில் தேத்தண்ணியும் பணிஸும். டிப்போக் கதைகள் சொன்னார். கடைசி பஸ்ஸை எடுக்காமல் ஒளித்துக்கொண்ட டிரைவர், மழைக்குள் மூன்று ஆடுகளோடு ஏறிய ஒரு மனுசி. பதினொன்றேகாலுக்கு எழுந்து போய்விட்டார். நேரம் போனதே தெரியவில்லை.

நவம்பர் 9, வியாழன்

செப்புத் தகடுகளை வினாகிரியில் ஊறப்போட்டு, நைசான அரத்தாளால் தேய்த்தேன். தனியாகச் செய்யக்கூடிய வேலை. நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னேரம் கடையில் முட்டை கேட்டபோது குரல் கரகரத்தது.

நவம்பர் 10, வெள்ளி

அண்ணை எட்டுக்கு வந்தார். தகடுகளைப் பூட்டி, ஒவ்வொரு நட்டையும் அளவான இறுக்கத்தில் முறுக்கி, பற்றரியை மீண்டும் காருக்குள் ஏற்றி, செம்மஞ்சள் பிடியையும் போட்டுவிட்டேன். அப்போது பதினொன்று பத்து. எப்படி என்று கேட்டார். இன்னும் ஸ்கானர் போடவில்லை, ஓடிப் பார்க்கவேண்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். அவர் பஸ்ஸுக்குப் போனார்.

ஸ்கானரில் பதினாலு சோடியும் ஒரே அளவு. சுன்னாகம் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். ஏசி போட்டேன், வேகமாக மிதித்தேன், சடுதியாக பிரேக் பிடித்தேன். முக்கோணம் எரியவில்லை. கோடுகள் ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்கின. கராஜுக்குள் வந்து நிறுத்தும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஆஸ்பத்திரி இங்கிருந்து பதினைந்து நிமிடத் தூரம்.

போனைக் கையில் எடுத்தேன். அவருடைய இலக்கத்தை எடுத்தும் வைத்தேன்.

பிறகு யோசித்தேன். தகடு துடைத்ததால் பிழை போய்விட்டது என்றாலும், இத்தனை வருடம் ஓடிய பெட்டிகள். ஒவ்வொன்றையும் கழற்றி, பல்ப் கொழுவி, சுமை கொடுத்துச் சோதித்தால்தான் முழு நிச்சயம். கொழும்பில் சில கார்களுக்கு அப்படிச் செய்வோம். செய்யக்கூடாத வேலை இல்லை. அதற்கு மீண்டும் பற்றரியை இறக்கவேண்டும், மீண்டும் இரண்டாவது ஆள் வேண்டும். ஒரு மணிக்குத்தான் அவருக்குப் போன் எடுத்து, திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். ஓட்டோவில் போனால் றெஜினா அக்காவுக்குத் தலை சுற்றுகிறதாம், இளவாலைக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர், பாதி றோட்டு குழி. இரண்டொரு நாள்தானே என்று சொன்னேன்.

வேலைப் பத்திரத்தில் ‘சரியான திகதி’ என்ற கட்டத்தை நிரப்பவில்லை. சோதனை முடியவில்லைத்தானே.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பக்கத்து வீட்டில் விடிய வெடி. தங்கச்சி நோர்வேயிலிருந்து போன் எடுத்தாள். மற்றத் தங்கச்சியும் எடுத்தாள். இரண்டு பேரும் என்ன சமைத்தாய் என்று கேட்டார்கள். ஆட்டிறைச்சி என்றேன். ஆரோடு சாப்பிட்டாய் என்று மூத்தவள் கேட்டாள். ஒரு சிநேகிதர் வந்திருக்கிறார், டிப்போவில் வேலை செய்தவர் என்று வாயில் வந்துவிட்டது. அவளுக்குச் சரியான சந்தோசம். அவரிடம் போனைக் கொடு என்றாள். கை கழுவப் போயிருக்கிறார் என்றேன்.

நாளை திங்கள்.

நவம்பர் 13, திங்கள்

பற்றரியை இறக்கி, பதினாலு பெட்டிகளைச் சோதித்தோம். நான் பல்பைக் கொழுவ, அண்ணை கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் சொல்ல, நான் மீற்றரை வாசிக்க, அவர் எழுதினார். பதினாலும் நல்ல சுகத்தோடு இருக்கின்றன. எனக்கு அது ஆச்சரியமில்லை.

றெஜினா அக்கா கட்லட் செய்து கொடுத்துவிட்டிருந்தார். அவருக்கு உப்பு ஆகாது என்பதால் வீட்டில் எல்லாச் சமையலுக்கும் உப்புக் குறைவாம். நான் ஆறு சாப்பிட்டேன். எனக்காக ஒருவர் செய்து அனுப்பிய சாப்பாடு என்று நினைத்தபடி ஏழாவதை எடுத்து, வாயில் வைக்காமல் திரும்ப வைத்தேன். உறைப்புக் கூட என்று சொல்லிச் சமாளித்தேன்.

டிப்போவில் பிந்தி வரும் டிரைவர்கள் நேரத்தை மாற்றி எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்களாம். ஒருவர் காலில் கூட விழுந்தாராம். “ஒரு நிமிசமும் மாத்தி எழுதினதில்லைத் தம்பி. அதாலை எனக்கு அங்கை கூட்டாளியளும் இல்லை” என்றார். நான் மீற்றரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நல்ல பழக்கம் என்று சொன்னேன் என நினைக்கிறேன்.

போகும்போது புதன்கிழமை கார் கிடைக்குமா என்று கேட்டார். மிச்சப் பதினாலும் முடிந்தால் என்றேன்.

நவம்பர் 15, புதன்

விடியத் தொடங்கிய மழை. அண்ணை எட்டே காலுக்குத்தான் வந்தார், சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என் சாரத்தையும் துவாயையும் கொடுத்தேன். ஓட்டோவின் பக்கத்துப் படங்குத் திரை கிழிந்து இருவரும் நனைந்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர் நின்றதால் றெஜினா அக்காவைத் தூக்கிக்கொண்டு போனாராம். மிச்சத்தை, நாலைந்து பெட்டிகள் சோதித்த பிறகுதான் சொன்னார்.

“இனிக் காணும் எண்டு சொல்லுறா, தம்பி. ஓட்டோவிலை இப்பிடி இழுபட்டு இழுபட்டு எத்தினை நாளைக்கு எண்டு கேக்கிறா. ஆஸ்பத்திரிக்கே இனி வரேல்லையாம்.”

ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும். பாரிசில் இருக்கும் மகளுக்குக்கூட இதை இன்னும் சொல்லவில்லையாம், எனக்குத்தான் முதலில் சொல்கிறாராம். கார் வந்துவிட்டால் மனம் மாறிவிடுவா என்றார். மற்றக் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம்.

பிறகு மிச்சப் பெட்டிகளையும் முடித்தோம். எல்லாம் நல்லம். பற்றரியை ஏற்றி, பிடியையும் போட்டாயிற்று. பதினொன்று ஐந்து. எடுத்துக்கொண்டு போகட்டோ என்று கேட்டார்.

ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை கட்டாயம் தருகிறேன் என்றேன். ஓடிப் பார்த்தது போன வெள்ளி.

அவர் ஈரச் சேட்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் போனார். வெள்ளிக்கிழமை பிட்டும் மீன் குழம்பும் எடுப்பிக்கலாம் என்று யோசித்திருக்கிறேன். கடைசி நாள்.

நவம்பர் 16, வியாழன்

காரைக் கழுவி, உள்ளே தூசி இழுத்து, கண்ணாடி துடைத்தேன். ரயர்களுக்குக் காற்று அடித்தேன். செய்ய வேறு ஒன்றும் மிச்சமில்லை.

நவம்பர் 17, வெள்ளி

எட்டு மணிக்கு அவர் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. போன் அடித்துப் பார்த்தேன், அவர் எடுக்கவில்லை. பிட்டு ஆறிப்போனது. பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார் தண்ணீர் போல ஓடியது.

சுத்திகரிப்புப் பகுதியில் இல்லை. கேட்டுக் கேட்டுப் போய் ஒரு வாட்டின் வெளியே அவரைக் கண்டேன். புதன்கிழமை திரும்பிப் போகும்போது ஓட்டோ வெள்ளத்துக்குள் இருந்த குழியில் இறங்கியிருக்கிறது. றெஜினா அக்காவின் இடது கை கம்பியில் அடிபட்டது. சுத்திகரிக்க ஊசி போடுவதற்கென்று இரத்த நாளங்களைச் சேர்த்துத் தைத்த கை அது. கட்டெல்லாம் இரத்தம். அதே ஓட்டோவில் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது அந்தக் கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருக்கிறதாம். பாவிக்க ஏலாது என்று கழுத்தில் குழாய் போட்டு அதால்தான் சுத்திகரிக்கிறார்கள். கை திரும்ப வருமோ வராதோ என்று டொக்டர்மார் சொல்லவில்லை.

காரின் திறப்பை நீட்டினேன். சரியாகிவிட்டதோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

“பெரிய உபகாரம், தம்பி” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கிழமைக்கு முந்தியே சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வந்தேன்.

நவம்பர் 18, சனி

வேலை இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

அந்தப் பெட்டிகளைச் சோதித்தது பிழையான வேலை இல்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். ஓட்டோக்காரன் பார்த்து ஓட்டியிருக்கவேண்டும். றோட்டு அப்படி இருந்தால் நான் என்ன செய்வது? மழை நான் பெய்விக்கவில்லை.

மேலே எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். கேதீஸ் இதை வாசித்தால் கொப்பியைப் பறித்து என் மண்டையில் அடிப்பான்.

வேலைப் பத்திரத்தை எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன். சரியான திகதி: நவம்பர் 10. நேரம்: 11.50.

நவம்பர் 20, திங்கள்

ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்தேன். அண்ணை என்னைக் கண்டதும் வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டார். கார் நல்லாய் ஓடுகிறது என்றார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே வேலைப் பத்திரத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். விளங்காமல் என்னைப் பார்த்தார். கார் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியே சரி, பிறகு நடந்த சோதனை ஒன்றும் தேவையில்லை என்று சொன்னேன். உங்களை வரப்பண்ணத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். ஏன் என்பதைச் சொல்லத் தொடங்கினேன், வாய் வரவில்லை.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. பத்திரத்தில் இருந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொண்டு அம்பது” என்றார். “அண்டைக்கு ஓட்டோ பிந்தி வந்தது. நாங்கள் வெளிக்கிட்டது பன்ரண்டரை.”

விரலை மடித்தார். வெள்ளி திரும்பிப் போக ஒன்று. திங்கள் போக வர இரண்டு. புதன் இரண்டு.

“அஞ்சு ஓட்டம், தம்பி. அஞ்சாவதிலைதான் அவவுக்கு அடிபட்டது.”

பத்திரத்தை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். “போங்கோ” என்றார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும்.

நவம்பர் 22, புதன்

ஒரு கார் வந்தது, பெரிய பற்றரி வேலை. ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். லீவு என்று சொல்லவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு வெளியே ஹோர்ன் கேட்டது. அந்த வெள்ளைக் கார். அண்ணை இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பக்கக் கண்ணாடி இறங்கியது. றெஜினா அக்காவை இன்றுதான் முதல் முறை காண்கிறேன். மெலிந்த ஆள், கழுத்தில் வெள்ளைக் கட்டு, இடது கையை மடியில் துவாயின் மேல் வைத்திருந்தார். அது இன்னும் கறுப்பாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டும் அதை மூடவில்லை.

யார் யார் உங்களோடு இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, தனிய என்றேன். எத்தனை வருடம் என்றார். தங்கச்சிமார் போய்ப் பதினேழு வருடம், கூட வேலை செய்தவன் போய் ஆறு மாதம் என்று சொன்னேன்.

“அப்ப வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே” என்றார். “இவரும் அங்கை சும்மாதானே இருக்கிறவர். வந்து இருங்கோ எண்டு கேட்டா வந்து இருந்திருப்பார். என்ரை காரை ஏன் பிடிச்சு வைச்சனீங்கள்?”

கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. பற்றரி வேலைக்கு ஆள் வேண்டும் என்று நூறு பேரிடம் கேட்பேன். எனக்கு ஆள் வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அங்கே மன்னிக்கச் சொல்லித்தான் கேட்டேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிந்துது என்று அண்ணையிடம் சொன்னார். கண்ணாடி ஏறியது.

ஆனால் இனி வரமாட்டேன் என்றவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 27, திங்கள்

போனை எடுத்தேன். வைத்தேன்.

நவம்பர் 29, புதன்

ஏழு நாற்பதுக்கு அண்ணைக்குப் போன் எடுத்தேன். இரண்டாவது தரம் மணி அடித்ததுமே அவர் எடுத்துவிட்டதால் நினைத்து வைத்திருந்த சொற்களெல்லாம் போய்விட்டன. காரைப் பற்றி விசாரிக்கலாம் போல இருந்தது. றெஜினா அக்காவின் கையைப் பற்றிக் கேட்டால் அதிலேயே கதை போய்விடும். அதனால் கேட்க நினைத்ததையே முதலில் கேட்டேன்.

“அண்ணை, நான் அங்கை வந்து உங்களோடை இருக்கட்டோ? எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒன்றை முதன்முதலாகக் கேட்கிறேன். காது சுட்டது. மறுபக்கத்தில் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ தள்ளுவண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போனார்கள். வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

“எனக்கு இன்னும் கோவம் போகேல்லை” என்றார்.

சரி என்றேன்.

“எப்ப போகுமெண்டும் தெரியேல்லை. கதைக்க மாட்டன்.”

அதற்கும் சரி என்றேன்.

“கோவக்காரனோடை இருக்கிறதெண்டா வாங்கோ” என்றார்.

கேற்றைப் பூட்டிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். பதினொன்றரை வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.